மிகைபாரம்: கயிலாயப் பாதையில் ஒரு நாள்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்திற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்து என்பதை நம் பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது நிறுத்துதல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயமும், சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும் இவற்றைக் கூறுகின்றன. அருங்கலச்செப்பைப் பயின்றோர் தமிழிலும் அறிந்திருப்பர்.

இவற்றுள் நான்காவதற்கு வடமொழியில் அதிபாராரோபணம் என்று பெயர். இதனைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் மாட்டு வண்டியையே உதாரணம் காட்டுவோம். நெல் மூட்டைகள், மேட்டில் ஏறமாட்டாது நுரை தள்ளும் எருது, வண்டிக்காரன் கைச்சாட்டை என்று சொல்லி முடிப்போம். இன்றோ அறுவடை நெல் டிராக்டரில் போகிறது. வண்டி மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை? ஆகவே இந்த அதிசாரம் நம்மை விட்டுத் தானே நீங்கிவிட்டது என்று எண்ணி, அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். நாங்களும் அவ்வாறே கற்பித்து வந்தவர்கள்தாம். 2018ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், கயிலாய மலையைச் சுற்றி நடந்த மூன்று நாள்களில் இரண்டாம் நாள், இந்தப் பாடத்தை எங்களுக்கு மீண்டும் நடத்தியது.

ஆதிபகவான் முத்தியடைந்த தலம் கயிலாயகிரி, அதாவது அஷ்டாபதம், என்பது நம் மரபு. இன்று திபெத்தில் 6,638 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலைதான் அதுவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஆராய்ச்சியில் இங்குப் புகவில்லை. சம்பாபுரி, கிர்நார், பாவாபுரி, சம்மேத சிகரம் ஆகிய மற்ற நிர்வாணத் தலங்களுக்கு இரயிலேறிப் போய்வந்த நம்மவர் பலர் உளர். முதல் தீர்த்தங்கரரின் தலம் மட்டும் நாட்டெல்லைக்கு அப்பால் நிற்பதால், அதன் திசை நோக்கி வணங்குவதோடு அமைகிறோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளையும் சென்னையையும் சேர்ந்த நாங்கள் பதினொருவர் அவ்வாண்டு துணிந்து புறப்பட்டோம். மூத்தவருக்கு வயது 71. அவரை நாங்கள் அனைவரும் பெரியப்பா என்றே அழைப்போம். ஆண்டுதோறும் பரியூஷண நாள்களில் தவறாது நோன்பிருப்பவர். கழனி வேலையில் உரமேறிய உடம்பினர்.

காட்மாண்டுவிலிருந்து கேருங் வழியாகப் பேருந்தில் சென்றோம். கேருங் ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரம். அடுத்துத் தங்கிய சாகா 4,500 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவம் கூறும் நெறி. நாங்கள் ஒரே பகலில், இருக்கையில் அமர்ந்தபடியே, 1,700 மீட்டர் ஏறினோம். 5,500 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். மூச்சு ஒன்றுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் பாதியே. கால் வலுவுடையோரையும் தவம் மிக்கோரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

எங்கள் துணைக்குழுவைச் சொல்ல வேண்டும். நேபாளத்திலிருந்து வந்தோர் அறுவர்: ஷெர்பா இனத்து வழிகாட்டி ஒருவர், அவர்க்கு உதவியாக இளைஞர் ஒருவர், சமையற்காரர் ஒருவர், சமையலுக்கு உதவுவோர் மூவர். மலையடிவாரமான தார்ச்சனில் உள்ளூர்த் திபெத்தியர் சேர்ந்தனர். ஒவ்வொருவருடைய கைப்பையையும் சுமக்க ஓர் ஆள், குதிரையேறிய நால்வருக்குக் குதிரை பிடிப்போர் நால்வர், எரிவாயு உருளைகளும் படுக்கைகளும் பாத்திரங்களும் சுமந்த யாக் மாடுகளை ஓட்டுவோர் மூவர். எண்ணிப் பார்த்தால், பதினொருவர் 52 கிலோமீட்டர் சுற்றிவர இருபத்து நால்வர் உழைத்தனர். விலங்குகள் கணக்கில் வேறு. முனிவர்கள் விகாரம் செய்யும்போது சிராவகர் உடன் சென்று உணவுக்கும் தங்குமிடத்திற்கும் ஏற்பாடு செய்வதை நாம் அறிவோம். அங்கே பெரியவரின் கையில் இருப்பவை மயிற்பீலியும் கமண்டலமுமே; துணைவருக்குப் பாரம் குறைவு. இங்கே பாரம் முழுவதும் எங்களுடையது.

அதனை நிறுத்துப் பார்த்தவர் வழிகாட்டி. தார்ச்சன் விடுதி வாசலில் சுருள்வில் தராசு ஒன்றைத் தொங்கவிட்டு, பெரிய பைகள் யாக்குக்கு, சிறிய பைகள் ஆளுக்கு எனப் பிரித்தார். சிறிய பை 8 கிலோவுக்கு மிகக் கூடாது என்று இருமுறை கூறினார். எல்லாப் பைகளும் அன்று தேறின. அதன்பின், இரவில், பெரியப்பா தம் பெரிய பையிலிருந்து சில பொருள்களை எடுத்துச் சிறிய பைக்கு மாற்றிக்கொண்டார். கணவாயின் உச்சியில் ஆதிநாதருக்கு அஷ்டவிதார்ச்சனை செய்வது அவர் எண்ணம். யாக்குகள் முன்னே போய்விடும், பையிலுள்ளவை உச்சியில் கைக்குக் கிட்டா என்பது அவர் கணக்கு. பித்தளைத் தட்டுகள், கெண்டி, மணி, சந்தனக் கல், தேங்காய்கள், பாதாம், கொட்டைப் பாக்கு, அரிசி, ஸ்ரீபுராணத்தின் தடித்த பதிப்பு ஒன்று. அவர் மாற்றியதை எங்களுள் மூவர் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூசைப் பொருளை எடையிடுவது எங்களுக்கு ஏதோ குற்றம்போல் பட்டது.

இன்னொன்றையும் மறைக்காது எழுதுகிறோம். குதிரைமேல் ஏறுவது இம்சை என்று மறுத்தோர் எங்களுள் எழுவர். அவ்வெழுவரும் தத்தம் பையைத் திபெத்திய மனிதர் முதுகில் ஏற்றிவிட்டு, கைவீசி நடந்தோம்.

இரண்டாம் நாள் திராபுக்கில் விடிந்தது. முன்னைய மாலையில் கயிலாயத்தின் வடமுகத்தை அங்கிருந்தே கண்டிருந்தோம். சீன அரசு தன் நாடு முழுமைக்கும் பெய்ஜிங் நேரத்தையே வைத்திருக்கிறது. நம் நேரத்தைவிட அது இரண்டரை மணி முந்தியது. ஆகவே அங்குக் காலை 5 மணி என்பது நம் ஊரில் பின்னிரவு இரண்டரை. அந்நேரத்தில் சமையலுக்கு உதவுவோர் விழித்திருந்தனர். ஓடையிலிருந்து கொணர்ந்த நீரை நாங்கள் கொடுத்த துணியில் வடிகட்டிக் காய்ச்சினர். 5,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 83 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கும் நீருக்கும் பருப்பு வேகாது. அழுத்தக் கலன் இன்றேல் அங்குச் சமையல் இல்லை. உருளைக் கிழங்கு, வெங்காயம், காரட் ஆகாது என்று நாங்கள் சொன்னபோது சமையற்காரர் முதலில் திகைத்தார். மலையில் கெடாது தாங்குபவை அவைதாமே. பின்னர் பயறும் அவலும் கோதுமைக் கஞ்சியுமாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். நம் ஒழுக்கம் அவருடைய வேலையை இரட்டித்தது. அவர் முணுமுணுத்ததை நாங்கள் கேட்கவில்லை.

அன்று சதுர்த்தசி. பெரியப்பா உபவாசம் மேற்கொண்டார். நீரும் அருந்துவதில்லை என்பது உறுதி. வழிகாட்டிக்கு இதனை நாங்கள் தெரிவிக்கவில்லை. இந்தி அறிந்தோர் எங்களுள் இருவர் இருந்தோம். சொன்னால் தடுப்பார் என்பதனாலேயே சொல்லாமல் விட்டோம்.

ஆறரை மணிக்குக் கைவிளக்குகளுடன் புறப்பட்டோம். பெரியப்பாவின் பையைச் சுமந்தவள் இருபது வயது கடந்த ஒரு திபெத்தியப் பெண். காலில் சாதாரணத் துணிக்காலணி. பையை முதுகில் ஏற்றும்போது அவள் ஒருமுறை நின்று, திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து நடந்தாள். முதல் நாளைவிடப் பை கனக்கிறது என்பதைச் சொல்ல அவளுக்கும் எங்களுக்கும் பொதுவான மொழி இல்லை என்று அப்போது நினைத்தோம். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்பது பின்னர்தான் விளங்கியது.

ஏறக்குறைய 5,300 மீட்டரில், யாத்திரிகர்கள் தம் பழைய ஆடைகளையும் மயிரையும் விட்டுச் செல்லும் சிவத்சல் என்னும் இடத்திற்குச் சற்றுக் கீழே, அந்தப் பெண் எங்களைக் கடந்து முன்னே ஓடினாள். 16 கிலோவைச் சுமந்துகொண்டு அந்த மேட்டில் ஓடியவள், வழிகாட்டியின் கையைப் பற்றி இழுத்து வந்தாள். பெரியப்பாவின் இடக்கையில் கையுறை இல்லை. அது எப்போது விழுந்ததென அவருக்குத் தெரியவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன. அவளிடம் அவர் தமிழில், கழனிக்கு மடை திறந்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

வழிகாட்டி ஊன்றுகோலால் சரளைமண்ணில் ஒரு நேர்கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு பொருத்தி அதன்மேல் நடக்கச் சொன்னார். உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்வதை அறிய மலையில் செய்யும் எளிய சோதனை இது. நலமுடையவர் களைத்திருந்தாலும் நடந்துவிடுவார். பெரியப்பா மூன்றாம் அடியில் சாய்ந்தார். தாங்கிப் பிடித்தவள் அவளே.

"உடனே இறங்க வேண்டும். திராபுக்கில் உயிர்வளி உருளை இருக்கிறது" என்றார் வழிகாட்டி. காலையில் என்ன உண்டார் என்று வினவினார். அப்போதுதான் உபவாசத்தைச் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

பெரியப்பாவுக்கு இடையிடையே தெளிவு வந்தது. இறங்க மறுத்தார். "ஆதிநாதர் முத்தியடைந்த இடத்தில் என் உயிர் போகுமானால் அது என் பாக்கியம்" என்றார். உணர்ச்சி மேலிட்டு எங்களுள் சிலர் கண்ணீர் விட்டோம். சல்லேகனை தெளிந்த அறிவோடும் குருவின் அனுமதியோடும் ஏற்கப்படுவது. உயிர்வளி குறைந்து மடை திறந்ததா எனக் கேட்கும் மூளை எடுக்கும் முடிவு அன்று. பாடம் நடத்தும் எங்களுக்கு அந்நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அவர் கூறியதை வழிகாட்டிக்கு இந்தியில் சொன்னோம். அவர் சினக்கவில்லை. "உங்களுக்குப் பாக்கியம், ஐயா. இந்தப் பெண்ணுக்கு? கணவாய்க்கு அந்தப் பக்கம் குதிரையில் அமர்ந்து இறங்க முடியாது. பாறைச் சரிவு. நீங்கள் விழுந்தால் நான்கு பேர் தூக்க வேண்டும். அவர்கள் முதுகில் ஏற்கெனவே உங்கள் பைகள் இருக்கின்றன" என்றார்.

இதனைப் பெரியப்பாவிடம் தமிழில் கூறினோம். அவர் நெடுநேரம் அப்பெண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் இறக்கி வைத்திருந்த பையின் வாரைப் பிடித்துத் தூக்க முயன்றார். பை தரையை விட்டு எழவில்லை. இரண்டாம் முறையும் முயன்றார்.

"இறங்கலாம்" என்றார்.

உதவி வழிகாட்டியும் அப்பெண்ணும் அவரை இருபுறமும் பிடித்துக் கீழே அழைத்துச் சென்றனர். பையிலிருந்து ஒரு கைப்பிடி அரிசியை மட்டும் எடுத்து எங்களிடம் கொடுத்தார். மீதியை அவளே மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

மற்ற பதின்மரும் தோல்மா கணவாயைக் கடந்தோம். 5,630 மீட்டர். கொடித்துணிகள் மூடிய பெரும்பாறை, கடுங்காற்று. அரிசியை அங்கே சமர்ப்பித்தோம். கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. குதிரையேறியோரும் இறங்கி, கௌரி குண்டத்தின் பச்சை நீரை மேலிருந்து பார்த்தபடி, பாறைகளில் கைவைத்து இறங்கினார்கள். வழிகாட்டி கூறிய சரிவு கண்முன் இருந்தது. அதில் ஒரு மனிதரைத் தூக்கிச் செல்வதை எண்ணிப் பார்த்தவாறே இறங்கினோம்.

இனிக் கூறப்போவது ஐந்தாம் அதிசாரத்தைப் பற்றியது. பள்ளத்தாக்கை அடைந்தபோது, சமையலுக்கு உதவும் மூவரும் எங்களைக் கடந்து ஏறக்குறைய ஓட்டமாகச் சென்றனர். மாலையில் சுதுல்புக்கை அடைந்தோம். உணவு ஆயத்தமாக இருந்தது. அவர்களுள் சிறுவன்போன்ற ஒருவன் கதவோரம் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். ஏன் இவ்வளவு அவசரம் என்று சமையற்காரரைக் கேட்டோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். காட்மாண்டுவில் நாங்களே எழுதிக் கொடுத்தது. மாலை 6 மணிக்குள் உணவு, அதற்குப் பின் உண்ணமாட்டோம் என்று அதில் இருந்தது. இரவுண்ணாமையை அவர்க்கு விளக்கச் சுருக்கமாக அப்படி எழுதியிருந்தோம். அவர் பெய்ஜிங் நேரம் ஆறு மணி எனக் கொண்டார். அந்த நேரத்தைக் காக்க மூவரும் நண்பகல் உணவின்றிக் கணவாயைக் கடந்து வந்திருக்கிறார்கள். வெளியே வந்து பார்த்தோம். ஜூன் இறுதியில் அப்பகுதியில் கதிரவன் மறைவது பெய்ஜிங் நேரம் ஒன்பதரைக்கு மேல். வெயில் எதிர்மலை முழுதும் படிந்திருந்தது. மூன்று மணி நேரத்திற்கு மேல் கையிருப்பில் இருந்தது. பேருந்தில் சென்ற நாள்களிலும் இப்படியே நடந்திருக்கிறது. அன்றெல்லாம் அதனால் எவர்க்கும் துன்பமில்லை. ஆதலால் எவரும் கவனிக்கவில்லை. நம் விரதம் கதிரவனைப் பார்ப்பது. நாங்கள் எழுதிக் கொடுத்ததோ கடிகாரத்தை.

அன்று மாலை அவர்களை முதலில் உண்ணச் சொன்னோம். அவர்கள் கேட்கவில்லை, அது முறையில்லை என்றனர். ஒருவழியாக உடன் அமர்ந்து உண்டனர். அந்தப் பையன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

இங்கு ஒரு செய்தி. தென்னமெரிக்காவின் பெரு நாடு, மலைப்பாதைகளில் பயணிகளின் சுமை தூக்குவோர்க்கெனவே 2001ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, 20 கிலோவை வரம்பாக்கியது. அந்த நாட்டார் நம் சிராவகாசாரத்தைப் படித்தவர்கள் அல்லர். சம்மேத சிகரத்தில் டோலியில் அமர்ந்து ஏறி இறங்கும் நம்மவர், தம் உடலின் எடையை அங்கே தூக்குவோர் எத்தனை வேளை உண்டிருக்கிறார்கள் என்று கேட்டதுண்டா? நாங்கள் இருமுறை சென்றிருக்கிறோம், கேட்டதில்லை.

மறுநாள் தார்ச்சனில் பெரியப்பாவைக் கண்டோம். திராபுக்கில் உயிர்வளி கொடுத்து, வெந்நீர் அருந்தச் செய்திருந்தனர். உபவாசம் முறிந்தது. மேலும் கீழே இறங்கியதும் நடை நேரானது. விரல்களுக்குக் கேடில்லை. அந்தப் பெண் இரண்டு நாள்களே நடந்ததால் இரண்டு நாள் கூலியே தன்னுடையது என்று நின்றாளாம். மூன்று நாளுக்குரியதையும் கொடுத்த பின்னரும் பெரியப்பாவுக்கு நிறைவு வரவில்லை. தேங்காய்களை அவள் கையில் கொடுத்திருக்கிறார். அவள் தேங்காயை அதற்குமுன் கண்டதில்லை போலும். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாளாம். அதனைச் சொல்லும்போது அவர் சிரித்தார்.

ஊர் திரும்பியபின், அவ்வாண்டு சாதுர்மாஸ்யத்திற்கு எங்கள் பகுதியில் தங்கிய முனிவரிடம் பெரியப்பா பிராயச்சித்தம் கேட்கச் சென்றார். நாங்களும் உடனிருந்தோம். சதுர்த்தசி உபவாசம் முறிந்தது எவ்வாறு என்று தொடங்கி, நடந்தவை அனைத்தையும் கூறினார். முனிவர் இடைமறிக்காது கேட்டார். முடிவில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "பை எத்தனை கிலோ?"

"பதினாறு" என்றார் பெரியப்பா.

முனிவர் எங்கள் பக்கம் திரும்பி, "அதனைப் பார்த்தோர் யார்?" என்றார். மூவரும் கைகூப்பினோம். நால்வரையும் அருகே அமரச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மெல்லிய குரலில் பிராயச்சித்தம் அருளினார். பெரியப்பாவுக்கு அருளியது என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அருளியவற்றுள் ஒன்று, இந்தப் பாடத்தை எழுதுவது.